ரப்பர் படகு வரும்வரை என்ன செய்வது?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் ரத்தாயின.

அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் பெரும்பாலும் சாலைதான் வழி. அந்தச் சாலையே மூழ்கிவிட்டால்? வெள்ள மீட்புக்குப் புதுப்புதுக் கருவிகள் வருகின்றன: தண்ணீரில் தானே ஓடும் ரிமோட் மிதவை, உணவுப் பொட்டலம் போடும் ட்ரோன். 2024 விஜயவாடா வெள்ளத்தில் ட்ரோன்கள் நன்றாகவே உதவின. ஆனால் விழுப்புரத்துக்கு வேண்டியது, முதல் இரவில் ஊருக்குள்ளேயே இருக்கும் கருவி.

மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். தலை மட்டும் வெளியே நிற்க நான்கைந்து கிலோ தூக்குவிசை கிடைத்தால் பெரும்பாலோருக்குப் போதும். வாய் இறுக மூடிய 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் அதைப்போல் மூன்று மடங்கு தூக்கும். குடத்தையும் லாரி ட்யூபையும் கட்டி மிதவை செய்வது கிராமத்தில் யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. ஆனால் கை தளர்ந்தால் குடம் நழுவிவிடும். லைஃப் ஜாக்கெட் உடம்போடு கட்டிக்கொள்வது; நல்ல வடிவமைப்பாக இருந்தால் மயங்கியவரின் முகத்தையும் மேல்நோக்கித் திருப்பி வைக்கும்.

படகுக்கு வருவோம். ஊருக்குள் ஓடும் வெள்ளத்தின் அடியில் முள்வேலி, கம்பி, பைக், சீமைக் கருவேலங்கிளை எல்லாம் கிடக்கும். முள் குத்தினால் ரப்பர் படகில் காற்று இறங்கும். அதனால்தான் அதன் காற்றறைகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். கயிறும் நைலான் வலையும் மோட்டார் இறக்கையில் சுற்றிக்கொள்ளும். ஆழம் குறைந்த தெருவில் தட்டையான அடிப்பாகமுள்ள ஃபைபர் படகும் நீளக் கழியுமே நம்பகமானவை. ஏறுவதும் சிக்கல்தான். 2018 கேரள வெள்ளத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கினார். பெண்கள் அதில் மிதித்து ரப்பர் படகில் ஏறினார்கள். நாடே பாராட்டியது. அந்தப் படகில் ஒரு மடக்குப் படி இருந்திருக்க வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

வீட்டைக் காக்க மணல் மூட்டைக்கு மாற்றாக ஸ்வீடனில் 'எல்' வடிவப் பலகைகள் செய்கிறார்கள். வெள்ளத்தின் எடையே பலகையைத் தரையோடு அழுத்தி நிறுத்திவிடும். சமதளத் தார்ச்சாலைக்கு அது சரி. நம் மண் தெருவில் தண்ணீர் அடியால் ஊறி வரும். வாசலை அடைத்தாலும் கழிவறைக் குழாய் வழியே திரும்ப ஏறும். அதைத் தடுக்க, பிளம்பர்கள் 'என்.ஆர்.வி.' என்று சொல்லும் ஒருவழி வால்வு கடைகளிலேயே கிடைக்கிறது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்: எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, குழந்தைகள் அளவில் உண்டா, படகு எங்கே நிற்கிறது, சாவி யாரிடம்?