எலும்பு பேசுமா?

மாணவர்களே, காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் திருப்புட்குழி என்று ஓர் ஊர் உண்டு. அதன் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ‘புள்’ என்றால் பறவை. புள்ளின் குழி, புட்குழி. இராவணனோடு போரிட்டு மாண்ட கழுகரசன் சடாயுவுக்கு இராமன் இறுதிக் கடன் செய்த இடம் இது என்று அவ்வூர் விசயராகவப் பெருமாள் கோயிலின் தல வரலாறு கூறுகிறது.

அது புராணம். ஆனால் அந்தப் பெயர் நமக்குள் ஓர் அறிவியல் கேள்வியை எழுப்புகிறது. மண்ணுக்குள் போன உடலில் எது எஞ்சும்? எஞ்சியது நமக்கு என்ன சொல்லும்?

முதலில் எலும்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமப் பொருள். மீதியில் பெரும்பகுதி கொலாஜென் என்னும் புரத நார். ஒரு கோழிக்கால் எலும்பைக் கழுவி வினிகரில் மூழ்க வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் எலும்பு ரப்பர்போல் வளையும்! அமிலம் கனிமத்தைக் கரைத்துவிட்டது. நார் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

அமிலத்தன்மையுள்ள மண்ணும் மழைநீரும் இதே வேலையை மெல்ல மெல்லச் செய்கின்றன. நுண்ணுயிர்கள் நாரையும் தின்றுவிடுகின்றன. ஆகவேதான் பழைய எலும்பு கிடைப்பது அரிது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும், பின்னர் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கக் கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர். அங்கே சில விலங்குப் பற்களும் கிடைத்தன. பல்லின் எனாமல்தான் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அல்லவா? ஆனால் கருவியைச் செய்தவரின் எலும்புக்கூடு கிடைக்கவில்லை.

அப்படியிருக்க, 1982இல் நருமதை ஆற்றங்கரையில் அத்னோராவில் அருண் சோனாக்கியா ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தது எவ்வளவு பெரிய செய்தி என்பது உங்களுக்கு விளங்கும்.

எலும்பு கிடைத்துவிட்டால் அதை எப்படிப் படிப்பது? இடுப்பெலும்பு குட்டையாகவும் அகன்று கிண்ணம் போலவும் இருந்தால், அந்த உயிர் நிமிர்ந்து நடந்தது எனலாம். 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, சுமார் 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ‘லூசி’யின் மூளை சிறியது. ஆனால் அவளுடைய இடுப்பும் முழங்காலும் இரு கால்களால் நடந்ததைக் காட்டின. மூளை பெருகிய பிறகே நம் மூதாதையர் நிமிர்ந்தனர் என்ற எண்ணம் அந்த எலும்புகளின் முன் நிற்கவில்லை.

மறுபடியும் கழுகுக்கு வருவோம். பறவையின் இறகெலும்புகள் உள்ளே கூடானவை. பறப்பதற்கு எடை குறைய வேண்டுமே! இதைக் கற்கால மனிதர் கவனித்திருக்கிறார்கள். 2008இல் ஜெர்மனியின் ஓலே ஃபெல்ஸ் குகையில், பிணந்தின்னிக் கழுகின் இறகெலும்பில் ஐந்து துளையிட்டுச் செய்த புல்லாங்குழல் ஒன்று கிடைத்தது. அதன் வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். எலும்பு அன்றே இசைக்கருவியாகிவிட்டது.

இன்று கலை எலும்புக்கு வேறொரு வகையில் உதவுகிறது. கீழடிக்கு அருகே கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் எலும்புகள் கிடைத்தன. அங்கே கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளின் கணினிப் படங்களைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் முகங்களை வரைந்தளித்தனர். மண்டையோட்டின் மேல் முதலில் தசை, பிறகு தோல் என்று அடுக்கடுக்காகக் கணினியில் கட்டினர். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கிறது!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கண்குழியின் இடம், மூக்கின் அகலம், தாடையின் வடிவம் ஆகியவற்றை மண்டையோடு சொல்லும். முடியையும் சுருக்கங்களையும் அது சொல்லாது. அவற்றை வேறு சான்றுகளும் ஓவியரின் ஊகமும் நிரப்புகின்றன. ஆகவே அந்த முகம் புகைப்படம் அன்று. எது சான்று, எது ஊகம் என்று பிரித்தறிவதே அறிவியல்.

உங்கள் ஊரில் ஏரி தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழியும் எலும்பும் வெளிப்படலாம். அவற்றைத் தோண்டி எடுக்காதீர்கள். கிடந்த மண் அடுக்கும், பக்கத்தில் இருந்த பானையும் சேர்ந்தால்தான் எலும்பின் காலம் புரியும். உங்கள் ஆசிரியரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உடனே சொல்லுங்கள். இடம் மாறிய எலும்பு பாதி ஊமையாகிவிடும்.