கேஸா... ஹார்ட்டா? சோடா சொல்லாது!

ஜெயமங்கலம் பஸ் ஸ்டாப்ல நின்னு, “அண்ணே, நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது”ன்னு சும்மா சொல்லிப் பாருங்க. ரெண்டே நிமிஷத்துல நாலு டாக்டர் கிடைப்பாங்க. “வாய்வுப் பிடிப்புடா தம்பி, ஒரு சோடா அடி”ன்னு ஒருத்தர். “வெறும் வயித்துல டீ குடிச்சிருப்ப. இஞ்சி மரப்பா வாங்கித் தின்னு”ன்னு இன்னொருத்தர். வீட்டுக்குப் போனா அப்பத்தா ஓமத் தண்ணியோட ரெடியா நிப்பாங்க. எல்லாம் பாசம்தான். ஆனா, அந்தப் பாசத்துல ஒரு மணி நேரம் கரைஞ்சு போகுதே, அதுதான் பிரச்னை.

ஏன்னா, மாரடைப்புல அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா, அதை நம்பி இருக்கிற தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கிட்டே வரும். செத்த தசை திரும்ப வராது. சீக்கிரம் அடைப்பை எடுத்தா மிச்சம் தப்பிக்கும். அவ்வளவுதான் கணக்கு!

இடம் மாறி அடிக்கிற மணி

‘நெஞ்சுல வலின்னா ஹார்ட், வயித்துல வலின்னா கேஸ்’... இப்படிப் பிரிச்சுக்க முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். நம்ம உடம்போட வயரிங் அப்படி இல்லையே! இதயத்துல இருந்து வர்ற நரம்பும், இடது கை, தோள் பக்கத்துல இருந்து வர்ற நரம்பும் தண்டுவடத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் போய்ச் சேருது. நாலு வீட்டுக்கும் ஒரே காலிங் பெல் வெச்ச மாதிரி. மணி அடிக்குது, எந்த வீடுன்னு மூளைக்குத் தெரியலை. அதனாலதான் மாரடைப்பு வலி சிலருக்குக் கையில இறங்குது, சிலருக்குத் தாடையில, முதுகுல, இன்னும் சிலருக்கு மேல் வயித்துல. வலியோட குமட்டல், வாந்தி, ஏப்பம்கூட வரலாம். சோடா குடிச்சதும் ஏப்பம் வந்து லேசா இருந்துச்சா? அதை வெச்சு ‘ஹார்ட் இல்லை’ன்னு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சர்க்கரை நோய் இருக்கிறவங்க, பெண்கள், வயசானவங்க விஷயத்துல இன்னும் உஷார். வலியே இல்லாம மூச்சு வாங்குறது, திடீர்னு வேர்த்துக் கொட்டுறது, காரணமே இல்லாத அசதின்னு வரலாம். “ஒண்ணுமில்லடா, லேசா தள்ளாட்டமா இருக்கு”ன்னு அம்மா அடுப்படியில உக்கார்ந்தா, அதை ‘ஒண்ணுமில்லை’ லிஸ்ட்ல சேர்க்காதீங்க.

அப்போ எல்லா நெஞ்சுவலியும் ஹார்ட் அட்டாக்கா?

இல்லவே இல்லை பாஸ், பயந்துடாதீங்க. இருபது வயசுல வர்ற நெஞ்சுவலியில பெரும்பாலானது இதயத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஜிம்ல ஓவரா தம்புள்ஸ் தூக்கினதுல தசை பிடிக்கலாம். விலா எலும்பு சேர்ற இடத்துல இருக்கிற குருத்தெலும்பு வீங்கலாம். அந்த இடத்தைத் தொட்டு அமுக்கினா “ஆ”ன்னு கத்துவீங்க. அமிலம் எதுக்களிச்சு நெஞ்செரிச்சல் வரலாம். அரியர் ரிசல்ட் வர்ற அன்னிக்குப் படபடப்புல நெஞ்சு இறுகலாம்.

ஆனா, இதயத்தைத் தாண்டியும் சில ஆபத்தான ஆசாமிகள் இருக்காங்க. ஒல்லியா உயரமா இருக்கிற பசங்களுக்கு, அதுவும் சிகரெட் பிடிச்சா, நுரையீரல்ல சின்ன ஓட்டை விழுந்து காத்து வெளியே கசியலாம். ஒரு பக்கம் சுருக்னு குத்தி மூச்சு வாங்கும். கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். மகாதமனியோட சுவர் கிழியலாம். அப்போ நெஞ்சுல இருந்து முதுகு வரைக்கும் கிழிக்கிற மாதிரி வலிக்கும். இதுல எது உங்களோடதுன்னு பஸ் ஸ்டாப்ல வெச்சு முடிவு பண்ண முடியாது.

‘எங்களுக்கு எதுக்கு, இதெல்லாம் பெருசுங்க சமாச்சாரம்’னு பக்கத்தைப் புரட்டாதீங்க. 52 நாடுகள்ல நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வோட கணக்குப்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு 53. மத்த நாட்டுக்காரங்களுக்கு 58.8. அதாவது, நாம கிட்டத்தட்ட ஆறு வருஷம் முந்திக்கிறோம். வேற எதுலயாவது முந்தியிருக்கலாம்! அதே ஆய்வு 2004-ல சொன்ன இன்னொரு விஷயம்: சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது உள்பட ஒன்பது விஷயங்கள்தான் மாரடைப்பு ஆபத்துல சுமார் 90 சதவிகிதத்துக்குப் பொறுப்பு. ஒன்பதுலயும் நம்மால ஏதாவது செய்ய முடியும்.

ஒரு மில்லிவோல்ட் சாட்சி

இப்போ நம்ம ஏரியா! இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு கரன்ட் ஓடுது. தோல்ல அளந்தா ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான். அதைப் பிடிச்சுக் கோடா வரைஞ்சவர், நெதர்லாந்துல வேலை பார்த்த ஐந்தோவன். அவரோட முதல் மெஷின் சுமார் 270 கிலோ. இயக்கவே அஞ்சு பேர் வேணும். நோயாளி ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணி ஜாடிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காரணும். 1924-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. இன்னிக்கு அதே வேலையை ஒரு சின்னப் பெட்டி சில நிமிஷத்துல முடிச்சிடுது. அதான் இ.சி.ஜி.

நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச பத்து நிமிஷத்துக்குள்ள இ.சி.ஜி. எடுத்துடணும்கிறது உலகம் முழுக்க டாக்டர்கள் வெச்சிருக்கிற விதி. பெரிய அடைப்பா இருந்தா கோடு மேல ஏறிக் காட்டிக்கொடுத்துடும். ஆனா, முதல் இ.சி.ஜி. நார்மல்னா உடனே செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. சில அடைப்பு ஆரம்பத்துல கோட்டுல தெரியாது. அதனாலதான் திரும்ப எடுக்கிறாங்க, ரத்தத்துல ‘ட்ரோபோனின்’ டெஸ்ட்டும் பார்க்கிறாங்க. இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியிற புரதம் அது. ஏற சில மணி நேரம் ஆகும்கிறதால, ரெண்டாவது தடவையும் பார்ப்பாங்க. “இருங்க, இன்னொரு டெஸ்ட் இருக்கு”ன்னு டாக்டர் சொன்னா, இருங்க.

கேத் லேப் தூரமா இருந்தா?

அடைப்புன்னு தெரிஞ்சா சிறந்த வைத்தியம், குழாய் விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கிறது. அதுக்கு ‘கேத் லேப்’ வேணும். எல்லா ஊர்லயும் அது இல்லை. தேனியில இருந்து மதுரைக்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். அப்போ கிராமத்துக்காரன் கதி?

இதுக்கு வழி கண்டுபிடிச்சதுல நம்ம மாநிலத்துக்கு ஒரு பங்கு இருக்கு. 2012 முதல் 2014 வரை நடந்த ‘தமிழ்நாடு ஸ்டெமி’ திட்டத்துல, சின்ன ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையில கோத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக முடியாதவங்களுக்கு, கிட்ட இருக்கிற இடத்துலயே ரத்த உறைவைக் கரைக்கிற ஊசி. அப்புறம் அங்கிருந்து ஆஞ்சியோவுக்குப் பயணம். மொத்தம் 2,420 நோயாளிகளைக் கவனிச்ச அந்த ஆய்வு 2017-ல வெளியாச்சு. வலை வர்றதுக்கு முன்னாடி ஆஞ்சியோ கிடைச்சது 35 சதவிகிதம் பேருக்கு, வந்த பிறகு 60.8 சதவிகிதம் பேருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவிகிதத்துல இருந்து 14.2 ஆகக் குறைஞ்சாங்க.

அடுத்த படி, 2023 ஜூன்ல தமிழக அரசு தொடங்கின ‘இதயம் காப்போம்’ திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்னு மொத்தம் 14 மாத்திரைகளை முதல் டோஸா கொடுத்து மேல அனுப்புற ஏற்பாடு. ஊசி, மாத்திரை, ஆம்புலன்ஸ், காப்பீடுன்னு எல்லாம் வரிசையில நிக்குது. ஆனா, வரிசையோட முதல் ஆள் டாக்டர் இல்லை. பக்கத்துல நிக்கிற நீங்கதான்!

நீங்க பண்ண வேண்டியது

* நெஞ்சுல பாரம், இறுக்கம், அழுத்தம் சில நிமிஷத்துக்கு மேல நீடிச்சா, அதோட வேர்வை, மூச்சுத் திணறல், கை-தாடை வலி இருந்தா 108-க்கு அடிங்க.

* பாதிக்கப்பட்டவரை பைக்ல நடுவுல உக்கார வெச்சு முறுக்காதீங்க. அவரும் வண்டி ஓட்டக் கூடாது. நடக்க விடாம சாய்ஞ்சு உக்கார வைங்க.

* எந்த மாத்திரையும் நீங்களா கொடுக்காதீங்க. ஆஸ்பிரின் பலருக்கு உயிர் காக்கும், அல்சரோ அலர்ஜியோ இருக்கிறவங்களுக்கு அதுவே வில்லன். மகாதமனி கிழிஞ்சிருந்தாலும் ஆபத்து. 108-லயோ சுகாதார நிலையத்துலயோ கேட்டுக் கொடுங்க.

* வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்குங்க. டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள்ல அதுவும் ஒண்ணு.

* ஆள் மயங்கி, மூச்சு சரியா இல்லைன்னா, நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. உங்க காலேஜ் என்.எஸ்.எஸ்.ல ஒரு நாள் இதைப் பயிற்சியாவே கேளுங்களேன்.

இவ்வளவு ஓடிப் போய் கடைசியில “வெறும் கேஸ்தான் தம்பி”ன்னு டாக்டர் சொன்னா அசிங்கமாகாதா? ஆகட்டுமே! இ.சி.ஜி. பார்த்துட்டுச் சொன்ன ‘கேஸ்’தான் நிஜமான கேஸ். அப்புறம் ஜாலியா ஊருக்குத் திரும்பி, அதே பஸ் ஸ்டாப்ல ஒரு சோடா அடிங்க. காசு, சிரிச்சவங்க தரட்டும்!