கல்லில் நின்றதும் காற்றில் போனதும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை மூலம் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையைக் கூறுவதை நமது நேயர்கள் அறிவார்கள். மேடைதோறும் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கும் விஷயம் அது.

ஆயினும் அதிலுள்ள ஒரு விதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கால் வேலிக்கு மேல் நிலமுடையவனே தேர்தலுக்குத் தகுதியுள்ளவன். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுப் பிறருக்கு விளக்க வல்லவனாயின், அரைக்கால் வேலி போதும். போதிக்கும் திறமையை நிலத்துக்கு ஈடாக மதித்தனர் அச்சபையார்! அவ்விதி கல்லில் நிற்கிறது. அவ்வாசிரியர்கள் விளக்கியதில் ஒரு வாக்கியமேனும் அச்சுவரில் இல்லை.

அது அவர்கள் குற்றமன்று. குரலைப் பிடித்து வைக்கும் கருவி அன்று இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876இல். எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்தது 1877இல். மாணவர் உ.வே. சாமிநாதையர் 1933-34இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சரித்திரம் இராவிடில், அப்பெரியார் பாடஞ் சொன்ன விதமும் மறைந்தே போயிருக்கும்.

இன்று கருவி வந்துவிட்டது, கவலை இல்லை என்று சிலர் எண்ணலாம். அது தவறு. சென்ற நூற்றாண்டில் ஒலிநாடாக்களில் பதிந்த பிரசங்கங்களின் நிலை என்ன? நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் இளகுகிறது, பூஞ்சணமும் பற்றுகிறது. நாடா நன்றாயிருப்பினும் அதை ஓட்டும் யந்திரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2019இல் இவ்வபாயத்தை உலகுக்கு எடுத்துக் காட்டிற்று. கல் 1,100 ஆண்டு நின்றது. நாடா ஒரு மனிதனின் ஆயுட்காலம் நிற்பதும் சந்தேகம்.

ஆகவே நாடாக்களைக் கணினிக்கு மாற்றி, பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல் முதற் கடமை. கேட்டு எழுதுதல் இரண்டாவது. காஞ்சிப் பெரியவரின் பிரசங்கங்களை ரா. கணபதி 'தெய்வத்தின் குரல்' என்று ஏழு பாகங்களாகத் தொகுத்தார். பல சமயங்களில் சொன்னவற்றை ஒருங்கு சேர்த்த அரிய உழைப்பு அது. எனினும் தொகுப்பு வேறு. சொன்னதைச் சொன்னபடி எழுதிய பிரதி வேறு. இரண்டும் வேண்டும். பிரதி எழுதுவோர் இடமும் தேதியும் தெரிந்த அளவு குறிக்க வேண்டும். விளங்காத சொல்லுக்கு இடம் விட வேண்டுமேயன்றித் தம் ஊகத்தால் நிரப்பலாகாது.

யந்திரமே கேட்டு எழுதும் காலம் இது என்பர். ஆசிரியர் பாதியில் நிறுத்திய செய்யுள் எது, அவர் குறித்த ஏரி எது, சிரித்துக்கொண்டு சொன்னது யாரைப் பற்றி என்பன யந்திரத்துக்குத் தெரியா. எதிரில் அமர்ந்து கேட்ட மாணவருக்கே தெரியும். அம்மாணவரும் இன்று முதியவர். நாடாவினும் விரைவில் நாம் இழக்கக் கூடியது அவருடைய ஞாபகமே.

உத்திரமேரூர் வட்டார வாலிபர்களே! உங்கள் ஊர் ஆசிரியரின் நாடா எவர் வீட்டுப் பரணில் இருக்கிறதென்று இன்றே விசாரியுங்கள். பழைய மாணவரை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். விதியைக் கல்லில் காத்த ஊர், குருவின் வாக்கைக் காற்றில் விடலாமா?