மாட்டுக்குப் போடும் ஊசியும் மகளுக்குப் போட்ட ஊசியும் ஒன்றா?

கச்சிராயபாளையம் பக்கமிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘எங்கள் ஊரில் சிலர் கறவை மாட்டுக்கு ஒரு ஊசி போட்டுத்தான் பால் கறக்கிறார்கள். ஆக்சிடோசின் என்கிறார்கள். என் மகளுக்குப் பிரசவத்தில் போட்டதும் அதே ஊசிதானாம். மாட்டைக் கெடுக்கும் ஊசி பெண்ணைக் கெடுக்காதா? மலைமேல் இருக்கும் சொந்தக்காரர்களிடம் அந்த ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?’

நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி அல்ல இது. ஆனால் கடைசிப் பகுதிக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

மருந்து ஒன்றுதான். ஆக்சிடோசின் என்பது 9 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதத் துணுக்கு. பெண்ணின் உடம்பிலும் பசுவின் உடம்பிலும் தானாகவே ஊறுவது. கருப்பையைச் சுருங்க வைப்பதும், மடியில் சேர்ந்த பாலை இறக்கிவிடுவதும் இதன் வேலை. வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி 1953-ல் இதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்.

குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டும். உலகம் முழுக்கத் தாய்மார்களைப் பலிகொள்ளும் காரணங்களில் முன்னால் நிற்பது இந்த உதிரப்போக்குதான். அதைத் தடுக்கவே குழந்தை வெளியே வந்தவுடன் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுகிறார்கள். உங்கள் மகளுக்கும் பெரும்பாலும் அதற்காகத்தான் போட்டிருப்பார்கள்.

இந்த மருந்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெயில் தாங்காது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் நின்று பிரிட்ஜ் அணைந்தாலோ, வண்டியில் வெக்கையில் கிடந்தாலோ வீரியம் குறையும். பார்வைக்கு மருந்து அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூர்களை நினைத்துப் பாருங்கள். உதிரப்போக்கு தொடங்கிவிட்டால், வளைந்து வளைந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்வரை தாயின் உடம்பு காத்திருக்காது.

இங்கேதான் ஆக்சிடோசினின் பங்காளி ஒன்று வருகிறது. அதன் பெயர் கார்பெட்டோசின். அதே அமைப்பில் சில இடங்களை மட்டும் மாற்றிச் செய்தது. ஆக்சிடோசின் ஒரு சில நிமிடங்களில் உடம்பில் கரைந்து குறையத் தொடங்கும். கார்பெட்டோசின் அதைவிட நெடுநேரம் நிற்கும் என்பதால் 100 மைக்ரோகிராம் ஒரே ஊசி போதும். பழைய வகைக் கார்பெட்டோசினுக்கும் குளிர் தேவைப்பட்டது. வெப்பம் தாங்கும்படி தயாரித்த புது வகை 30 டிகிரியில் 3 ஆண்டு வரை கெடாது. இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மார்களிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது உலக சுகாதார நிறுவனம். சுகப்பிரசவத்தில் உதிரப்போக்கைத் தடுப்பதில் புதியது பழையதற்குச் சளைத்ததல்ல என்ற முடிவு 2018-ல் வெளியானது. 2019-ல் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. இந்தியாவிலும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

அதற்காக ஆக்சிடோசினைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. வலி வரவழைக்க ஆக்சிடோசினை மருத்துவர் சொட்டு மருந்தாக ஏற்றலாம். கார்பெட்டோசினை அப்படிக் கொடுக்கவே கூடாது, குழந்தை பிறந்த பிறகு மட்டும்தான். விலையும் பார்க்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கு ஈடான விலையில் கிடைத்தால் பயன்படுத்தலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம் கருத்தில், முதலில் இது போய்ச் சேர வேண்டியது மலைக்கு. நகரத்து ஆஸ்பத்திரியில் பிரிட்ஜும் ஜெனரேட்டரும் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? மாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போடுவதைக் காரணம் காட்டி, தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்றது. ஒரே ஆலையை நம்பினால் பிரசவ வார்டில் தட்டுப்பாடு வருமே என்று வழக்குப் போட்டார்கள். அறிவியல் ஆதாரம் இல்லாத முடிவு என்று சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 14-ல் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மாட்டை அடக்கப் போட்ட கயிறு தாய்மார் கழுத்தில் விழப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாட்டு விஷயத்தில் சட்டம் பழையது, தெளிவானது. மருந்துச் சீட்டு இல்லாமல் ஆக்சிடோசின் விற்கக் கூடாது. லேபிள் இல்லாத பாட்டிலில் வருவது கள்ளச் சரக்கு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, உடல்நலம் கெடும் விதத்தில் கறவைக்காக ஊசி போட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளும். அடுத்தவர் போடுவதை அனுமதித்தாலும் குற்றம்தான்.

பாலைக் குடிப்பவர்களுக்கு ஆபத்தா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆக்சிடோசின் புரதத் துணுக்கு என்பதால் வயிற்றில் செரித்துவிடும். நஷ்டம் மாட்டுக்கும் உங்களுக்கும்தான். இந்த ஊசி பாலைப் பெருக்குவதில்லை, மடியில் இருப்பதை இறக்கிவிடுகிறது, அவ்வளவே. தினமும் போட்டுப் பழகினால், ஊசி இல்லாமல் மாடு சுரப்பு விடாது.

கன்று செத்த மாடு பாலை எக்கினால் மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் தடவிக் கொடுங்கள். தீவனத்தை முன்னால் வைத்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆளாகக் கறங்கள். அதட்டாதீர்கள், பயந்த மாடு பாலை இறக்காது. சில நாளாகியும் சரியாகவில்லை என்றால், அல்லது கன்று போட்டு நஞ்சுக்கொடி விழவில்லை என்றால், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. ஆக்சிடோசின் தேவைதானா, எவ்வளவு என்பதை மாட்டைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.