இருள் கடலில் இரை தேடும் உயிர்கள்: கனிமம் எடுக்கும் முன் இந்தியா காண வேண்டிய கணக்கு

புது தில்லி: கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டரைத் தாண்டினால், தாவர நுண்ணுயிர்கள் உணவு தயாரிக்கப் போதுமான வெளிச்சம் இல்லை. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை. 6,000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம், தரையில் நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 600 மடங்கு. வெப்பநிலையோ உறைநிலைக்குச் சற்றே மேல்.

இந்த இருள் வெளிக்கு மூன்று பேரை அனுப்ப மத்திய புவி அறிவியல் அமைச்சகம் ஆயத்தமாகி வருகிறது. ரூ. 4,077 கோடி மதிப்பிலான ஆழ்கடல் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. அதன் ஓர் அங்கமான "சமுத்ரயான்' திட்டத்துக்காக, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் "மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி ஊர்தியை உருவாக்கி வருகிறது. இதன் தொடக்ககட்ட நீர்ச் சோதனைகள் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் நடைபெற்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரான்ஸின் "நாட்டில்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கிய இந்தியர் இருவரில் ஒருவர் 4,025 மீட்டர் ஆழத்தையும், மற்றவர் 5,002 மீட்டர் ஆழத்தையும் எட்டினர்.

பயணத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று கனிமம். ஆனால், அந்தக் கனிமம் கிடக்கும் தரையில் ஏற்கெனவே குடியிருப்போர் உள்ளனர். அவர்கள் எதை உண்டு வாழ்கின்றனர் என்பதே இப்போது கொள்கை வகுப்போர் முன் நிற்கும் கேள்வி.

மேலிருந்து விழும் உணவு

ஆழ்கடல் உயிரினங்களில் பெரும்பாலானவை மேல்மட்டக் கடலின் மிச்சத்தை நம்பியே வாழ்கின்றன. இறந்த நுண்ணுயிர்கள், மீன்களின் கழிவுகள், சிதைந்த உடல் துணுக்குகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெண்ணிறத் துகள்களாக இடைவிடாமல் கீழே இறங்குகின்றன. இதற்கு அறிவியலாளர்கள் இட்ட பெயர் "கடல் பனி'. வழியிலேயே பெரும்பகுதி உண்ணப்பட்டுவிடுவதால், மேலே உருவாகும் உணவில் மிகச் சிறு பங்கே அடித்தரையை அடைகிறது.

அந்தச் சிறு பங்கை வைத்துத்தான் அங்கு வாழ்க்கை. கடல் அட்டைகள் சேற்றை விழுங்கி, அதிலுள்ள சத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. கடற்பஞ்சுகள் ஓரிடத்தில் ஒட்டி நின்று நீரை வடிகட்டுகின்றன. தூண்டில் மீன், தலையிலிருந்து நீளும் காம்பின் நுனியில் ஒளி வீசி இரையை வரவழைக்கிறது. அரபிக் கடலில் ஏராளமாக உள்ள விளக்கு மீன்கள் பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலேறி மேய்ந்துவிட்டுத் திரும்புகின்றன. தாம் உண்டதில் ஒரு பங்கை ஆழத்துக்குச் சுமந்து வரும் கூலிகளும் இவையே.

பசியைத் தாங்குவதும் ஒரு தகுதி. பாத்தினோமஸ் எனப்படும் ராட்சத ஓடுடைய உயிரினம் ஒன்று, ஜப்பானின் டோபா நீர்வாழ் காட்சியகத்தில் 2009 ஜனவரியில் கடைசியாக இரை எடுத்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் எதையும் உண்ணாமலிருந்து, 2014 பிப்ரவரியில் இறந்தது.

எப்போதாவது விருந்தும் உண்டு. கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் 1987-இல் திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூட்டை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆழ்கடலில் கண்டனர். அதைச் சுற்றி ஓர் உயிர்க் கூட்டமே குடியேறியிருந்தது. எலும்பையே துளைத்து உண்ணும் வாயற்ற புழு இனம் ஒன்று 2004-இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

சூரியன் இல்லாத சமையல்

ஆழ்கடலில் உணவு மேலிருந்து மட்டுமே வரும் என்ற எண்ணம் 1977-இல் தகர்ந்தது. கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், "ஆல்வின்' நீர்மூழ்கியில் சென்றவர்கள் வெப்பநீர் ஊற்றுகளைக் கண்டனர். அவற்றைச் சுற்றி ராட்சதக் குழாய்ப் புழுக்கள் அடர்ந்திருந்தன. அவற்றுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஊற்றுநீரிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள் அவற்றின் உடலுக்குள்ளேயே வாழ்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. ஒளிக்குப் பதிலாக வேதிப்பொருள். சூரியனுக்குப் பதிலாகப் பூமியின் உள்வெப்பம்.

இந்தியப் பெருங்கடலுக்கே உரிய சான்று ஒன்று உண்டு. மொரீஷியஸுக்குக் கிழக்கே, மத்திய இந்தியக் கடலடி மலைத்தொடரிலுள்ள கைரேய் ஊற்றுப் பகுதியில், பாதம் முழுவதும் செதில் போர்த்த நத்தை ஒன்று 2001-இல் கண்டறியப்பட்டது. அதன் செதில்களில் இரும்பு சல்ஃபைடு படிந்துள்ளது. உணவுக்குழாய்ச் சுரப்பி ஒன்று பெருத்து, பாக்டீரியாக்களின் வசிப்பிடமாக மாறியிருப்பதால், நத்தை இரை தேடி அலைவதில்லை.

இந்த நத்தையை சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத் தொழிலால் விளையக்கூடிய ஆபத்தைக் காரணம் காட்டி அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுவே. அப்போது அறியப்பட்டிருந்த அதன் மூன்று வாழிடங்களில் இரண்டு, கனிம ஆய்வு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளில் இருந்தன. ஒன்று சீனாவுக்கும், மற்றொன்று ஜெர்மனிக்கும் அளிக்கப்பட்ட உரிமங்கள்.

இந்தியாவின் பங்கு

இத்துறையில் இந்தியா புதியதல்ல. "கவேஷணி' ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரி 26-இல் அரபிக் கடலில் முதல் உலோக முடிச்சை எடுத்தது. 1987-இல் முன்னோடி முதலீட்டாளர் தகுதி கிடைத்தது. இப்போது மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் உள்ளது. அங்கு 38 கோடி டன் முடிச்சுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவை தவிர, வெப்பநீர் ஊற்றுப் படிவுகளை ஆராய 2016-இலும், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் பகுதிக்காக 2025-இலும் சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

மின்வாகன பேட்டரிகளுக்குத் தேவையான கோபால்ட், நிக்கல் ஆகியவற்றுக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியையே சார்ந்துள்ளது. சீனா இவற்றின் சுத்திகரிப்பில் ஆதிக்கம் செலுத்தும் நிலையில், கடலடிக் கனிமத்தை நாட்டின் பாதுகாப்போடு இணைத்துப் பார்க்கும் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆறாத தழும்பு

மறுபக்கம், முடிச்சு என்பது வெறும் கல் அல்ல. சேறு நிறைந்த சமவெளியில் கடற்பஞ்சும் பவளமும் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் கெட்டியான இடம் அது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்வது. அதை அள்ளிவிட்டால், மனித காலக் கணக்கில் மீண்டும் உருவாகாது. அள்ளும்போது கிளம்பும் சேற்றுப் புழுதி, நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களின் உணவையே அடைத்துவிடும் என அறிவியலாளர்கள் எச்சரிக்கின்றனர்.

பெரு நாட்டுக்கு அப்பால் 1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடல்தரையைச் சோதனைக்காக உழுதனர். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல் சென்று பார்த்தபோதும் உழுத தடங்கள் அப்படியே இருந்தன. கோவாவிலுள்ள தேசிய கடலியல் ஆய்வு நிறுவனமும் 1997-இல் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் இதுபோன்ற சோதனை நடத்தி, கலக்கப்பட்ட இடத்தில் தரைவாழ் சிற்றுயிர்கள் குறைந்ததைப் பதிவு செய்தது. இத்தகைய ஆய்வைத் தானே செய்து பார்த்த நாடு என்ற தகுதி இந்தியாவுக்கு உண்டு. ஆனால், அச்சோதனை நடந்த பரப்பு சிறியது; வணிகச் சுரங்கம் தோண்டும் பரப்போ பல மடங்கு பெரியது.

ஆழ்கடல் சுரங்கத்துக்குத் தற்காலிகத் தடையோ, முன்னெச்சரிக்கை இடைநிறுத்தமோ தேவை என 30-க்கும் மேற்பட்ட நாடுகள் கோரியுள்ளன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அதேவேளையில், தேச எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் உயிர்வளத்தைக் காக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அந்த உடன்படிக்கை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்த இரு நிலைகளையும் இணைக்கும் பாலம் தரவுகளே. ஒப்பந்தப் பகுதியில் என்னென்ன உயிர்கள் உள்ளன, அவை எதை உண்கின்றன, எத்தனை காலத்தில் மீளும் என்ற விவரங்கள் சுரங்க முடிவுக்கு முன்பே நாடாளுமன்றத்தின் மேஜைக்கு வரவேண்டும். மூவரைச் சுமந்து "மத்ஸ்யா' இறங்கும்போது, கனிமத்தின் எடையோடு அங்குள்ள உயிர்களின் கணக்கையும் எடுத்துவந்தால்தான் செலவிடப்படும் மக்கள் பணத்துக்கு முழுப் பொருள் இருக்கும்.