தொலைபேசி இணைப்பகம் அமைத்தலும் காத்தலும்

தொலைபேசியிற் பேசுவோர் இருவரை யாவரும் அறிவர். அவ்விருவரையும் இடைநின்று இணைத்து வைக்கும் மூன்றாவதொன்றைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. அம்மூன்றாவதன் பெயர் இணைப்பகம். எக்ஸ்சேஞ்சு என மக்கள் வழங்குவது இதனையே. சென்ற கோடை விடுமுறையில், எம்மூராகிய மாகறலுக்கு அண்மையிலுள்ள மாணவர் விடுதியொன்றில் இத்தகைய இணைப்பகமொன்றை என் தமையனார் அமைத்துக் கொடுத்தார். யான் அவருக்கு உடன் நின்று உதவினேன். தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவ்வேலையிற் பெரும்பகுதி எழுதுதலும் எழுதியதைப் பிழை திருத்துதலுமே என்பதைக் கண்கூடாகக் கண்டேனாகலின், அந்நகைப்பிற்கு விடையாக இதனை எழுதலானேன்.

பண்டு இணைப்பகம் என்பது ஒரு பேரறை. பலகையின் முன் மகளிர் வரிசையாக அமர்ந்து, கேட்ட எண்ணுக்குரிய துளையிற் கயிற்றைச் செருகி இணைப்பர். அமெரிக்க நாட்டிலே கான்ஸஸ் நகரத்தில் ஈமத்தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பார், தமக்கு வரவேண்டிய அழைப்புக்களை இணைப்பகத்தார் போட்டியாளர்க்குத் திருப்பிவிடுகின்றனர் என்று ஐயுற்று, ஆளின்றித் தானே இணைக்கும் பொறியை வகுத்து 1891-இல் உரிமை பெற்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. நம் நாட்டிற் சிற்றூர்களின் நிலையை மாற்றியது 1984-இல் நிறுவப்பெற்ற சி-டாட் என்னும் அரசு ஆராய்ச்சி நிலையம். அவர்கள் செய்த 128 இணைப்புடைய சிறு தானியங்கி இணைப்பகம், குளிரூட்டிய அறையை வேண்டாது வெயிலையும் புழுதியையும் தாங்கி நின்று உழைத்தது. அது முதன்முதல் 1986-இல் கருநாடகத்துக் கித்தூரில் இயங்கத் தொடங்கிற்று. பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும், மைடாஸ் என்னும் சென்னை நிறுவனத்தாரோடு கூடி, கம்பியின்றியே பேச்சையும் இணையத்தையும் ஒருங்கே கொண்டு செல்லும் ‘கார்டெக்ட்’ என்னும் முறையை ஆக்கினர். 2001 முதல் மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் அம்முறையால் இணைய நிலையங்கள் திறக்கப்பெற்றன. அந்நிலையங்களினின்று நோயாளரின் கண்களைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பியதும் உண்டு. கைப்பேசி பரவிய பின்னர் அம்முறை அருகிற்று. நிலையங்கள் பலவும் மூடப்பட்டன.

இன்று இணைப்பகம் அறையுமன்று, பெட்டியுமன்று. ஒரு கணினியினுள் இயங்கும் எழுத்துத் தொகுதியே அது. இம்மாற்றத்திற்குக் காரணமானவருள் ஒருவர் மார்க் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க மாணவர். அவர் 1999-இல் சிறு நிறுவனமொன்று தொடங்கியபோது, அதற்கு வேண்டிய தொலைபேசி இணைப்பகத்தை வாங்கப் பொருளின்றித் தாமே ஒன்றை எழுதிக்கொண்டார். ‘ஆஸ்டரிஸ்க்’ எனப் பெயரிட்டு, மூல நிரலோடு யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். யாங்கள் நிறுவியதும் அதுவே.

அது குடியிருக்கும் கணினியைச் சர்வர் என்பர். உணவுச்சாலையில் இலைதோறும் சென்று பரிமாறுவோனையும் சர்வர் என்றே அழைக்கின்றோம். பெயர் இரண்டிடத்தும் நன்கு பொருந்துகின்றது. கேட்போர் பலராயினும் பரிமாறுவோன் ஒருவனே. பன்னிரண்டு தொலைபேசிகளையுடைய விடுதிக்குப் பழைய கணினியொன்றே போதும். அதில் லினக்ஸை நிறுவி, மாறாத முகவரியொன்றை அதற்கு அளித்து, கடிகாரம் பிழையாதவாறு இணையத்தோடு இசைவித்து, ஆஸ்டரிஸ்கின் மூல நிரலைப் பெற்று அக்கணினியிலேயே தொகுத்தோம். இவையெல்லாம் ஒரு முற்பகலில் முடிந்தன. கணினியின் முழு அதிகாரமுடைய பெயரில் இம்மென்பொருளை ஓடவிடலாகாது. அதற்கெனச் சிற்றதிகாரமுடைய வேறொரு பெயரைப் படைத்தல் வேண்டும். உள்ளே புகும் கள்வன் வீடு முழுவதையும் கைக்கொள்ளாது ஓரறையோடு நிற்பான் என்பது இதன் பயன்.

நிறுவுதல் முடிந்ததும் ஆஸ்டரிஸ்க் ஒன்றும் அறியாத நிலையில் நிற்கும். யார் யார் பேசலாம் என்பதை ஒரு கோப்பிலும், எந்த எண்ணை அழுத்தினால் என்ன நிகழவேண்டும் என்பதை மற்றொரு கோப்பிலும் நாம் எழுதித் தரல் வேண்டும். எம்மூர்க்கு அருகேயுள்ள உத்திரமேரூர்க் கோயிற் சுவரைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பராந்தக சோழன் காலத்து அவ்வூர்ச் சபையார், வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதியை 919-ஆம் ஆண்டிலும் மீண்டும் 921-ஆம் ஆண்டிலும் கல்லில் வெட்டினர். அகவை 35-க்குக் குறைந்தவரும் 70-ஐக் கடந்தவரும் ஆகார். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஆகார் என்றெல்லாம் முன்கூட்டியே வரையறுத்தமையின், குடத்தினின்று ஓலையை எடுக்குங்கால் வழக்காட இடமில்லாது போயிற்று. முதல் விதியில் குறை கண்டே இரண்டாவதை வெட்டினார்கள் போலும்! தொலைபேசி விதியும் அத்தகையதே. மணி ஒலிக்கும் நொடியில் ஆராய்ந்து முடிவு செய்வார் ஒருவருமில்லை.

விதி எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவேன். காப்பாளர் இல்லத்து எண்ணை ஒருவர் அழுத்தினால், முதற்படி அவர் இல்லத்துக் கருவியை 25 நொடி ஒலிக்கச் செய்க. எடுக்கவில்லையேல், இரண்டாம்படி அலுவலகக் கருவியை ஒலிக்கச் செய்க. அங்கும் எடுப்பாரில்லையேல், மூன்றாம்படி செய்தியைப் பதிவு செய்துகொள்க. இவ்வாறு படிப்படியாக எழுதிச் செல்லுதல் வேண்டும். படியொன்று விடுபட்டால் அழைப்பு அவ்விடத்தே அறுந்துபோம்.

முதலில் யாங்கள் அலுவலகத்திற்கு 101, சமையற்கூடத்திற்கு 108 என எண்களைப் பகிர்ந்தோம். மாலையில் அத்தாளை வாங்கி நோக்கிய காப்பாளர், “தம்பி, நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து 108-ஐ அழைத்தால், வருவது ஆம்புலன்ஸா, சாம்பார் வாளியா?” என்றார். யாங்கள் நாணித் தலைகுனிந்தோம். 101 தீயணைப்புப் படைக்கும், 108 மருத்துவ ஊர்திக்கும், 112 எல்லா அவசரத்திற்கும் உரியன. உள்ளெண்கள் அனைத்தையும் இருநூற்றுவரிசைக்கு மாற்றி, அவசர எண்களை மட்டும் எக்கருவியினின்று அழைத்தாலும் தடையின்றி வெளியே செல்லுமாறு எழுதினோம். அவ்வெளிவழி, உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்தாரிடம் பெற்ற இணைப்பாக இருத்தல் வேண்டும்.

விதிகளை ஆஸ்டரிஸ்க் தனித்தனி அறைகளாகப் பகுத்து வைக்கின்றது. விடுதிக்குள் இருப்போர்க்கு ஓரறை. வெளியிலிருந்து அழைப்போர்க்கு வேறோரறை. வெளியாருக்குரிய அறையில் அயல்நாட்டிற்கு அழைக்கும் விதியை அறியாமையால் எழுதிவிட்டால், எவனோ ஒருவன் எங்கிருந்தோ நம் செலவில் கடல் கடந்து பேசுவான். இஃது அச்சுறுத்தற்குக் கூறுவதன்று. இணையத்திற்குத் திறந்த சர்வரை அலைந்து தேடித் தட்டிப் பார்ப்பதற்கென்றே கள்வர் நிரல்கள் எழுதி வைத்துள்ளனர். தொலைபேசி அழைப்பிற்குரிய வாயிலின் எண் 5060 என்பதும், 201-ஆம் கருவிக்குக் கடவுச்சொல்லும் 201 என வைக்கும் சோம்பர் பலர் என்பதும் அவர்கள் நன்கு அறிந்தவை. நீண்ட கடவுச்சொல் வைப்பதும், பலமுறை தவறாகத் தட்டுவோனைத் தானே தடுத்து நிறுத்தும் காவல் நிரலை அமர்த்துவதும், அயல்நாட்டு அழைப்பு வேண்டாவிடத்து அவ்விதியை எழுதாதொழிவதும் ஆகிய மூன்றும் தவிர்க்கலாகாதன.

இனி, யாங்கள் செய்த பெரும்பிழைக்கு வருகின்றேன். இப்பொறியில் அழைப்பு வேறு, குரல் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ‘இன்னார் இன்னாரை அழைக்கின்றார்’ என்னும் ஓலை ஒரு வழியே செல்லும். அவ்வோலையின் உள்ளே, ‘என் குரலை இன்ன முகவரிக்கு அனுப்புக’ என்று எழுதியிருக்கும். குரல் பின்னர் வேறு வழியே செல்லும். நொடிக்கு 8000 முறை குரலை அளந்து, ஒவ்வோரளவையும் 8 பிட்டாக எழுதினால், நொடிக்கு 64,000 பிட்டு ஆகும். நொடிக்கு 50 பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதுங்கால் அது ஏறத்தாழ 80,000 ஆகின்றது. பத்து உரையாடல் ஒருங்கே நிகழினும் ஒரு திசையில் 8 லட்சமே. சிற்றூர் இணையமும் இதனைத் தாங்கும்.

விடுதியின் சர்வருக்கு ரௌட்டருக்கு உட்பட்ட உள்முகவரி ஒன்றும், உலகம் அறிந்த வெளிமுகவரி ஒன்றும் உள. காப்பாளர் இல்லமோ அரைமைல் தொலைவில் வேறோர் இணைய இணைப்பில் உள்ளது. வெளிமுகவரி இன்னது என்பதை யாங்கள் ஆஸ்டரிஸ்கிற்கு எழுதித் தரவில்லை. ஆகவே அது தன் ஓலையில் உள்முகவரியையே எழுதி அனுப்பிற்று. ஊர்ப்பெயர் இன்றி ‘மேலைத் தெரு, மூன்றாம் வீடு’ என்று மட்டும் எழுதி வெளியூர்க்குக் கடிதம் விடுத்து, விடை வரவில்லையே என வருந்துவோன் நிலையை இஃது ஒக்கும். விடுதிக்குள்ளே ஒவ்வொரு கருவியையும் சோதித்தோம். எல்லாம் செம்மையாகப் பேசின. காப்பாளர் இல்லத்து மணி ஒலித்தது. அதுவே போதுமென்று எண்ணிக்கொண்டோம்.

நான்காம் நாள் இரவு ஒரு மாணவனுக்குக் கடுங்காய்ச்சல். உடனிருந்தவன் காப்பாளரை அழைத்தான். மணி ஒலித்தது, அவர் எடுத்தார், “என்னப்பா?” என்றார். அவர் குரல் எவ்வூரிலும் இல்லாத அம்முகவரியைத் தேடிச் சென்று அழிந்தது. அவர் இல்லத்துக் கருவி தன் வெளிமுகவரியைத் தானே அறிந்துகொள்ள வல்லதாகலின், பையன் குரல் மட்டும் அவரை எட்டிற்று. “ஐயா, ஐயா” என்று மும்முறை கூவினான். விடை கேளாமையால், எவரும் எடுக்கவில்லையென்று கருதி வைத்துவிட்டான். காப்பாளர் அக்குரலின் நடுக்கத்தைக் கேட்டு, விளக்கும் கையுமாக வயல்வழியே நடந்து வந்து சேர்ந்தார். பையன் நலம் பெற்றான். மறுநாள் எம்மை அவர் கடிந்துகொள்ளவில்லை. “மணி அடித்தால் மட்டும் போதாது போலிருக்கிறதே” என்றார். அதுவே கடியினும் உறைத்தது. கோப்பில் இரண்டே வரி சேர்த்தோம்: வெளிமுகவரி இது, உள்வலையின் எல்லை இது. பிழை தீர்ந்தது.

அமைத்தல் ஒரு நாட்பணி, காத்தல் ஒவ்வொரு நாட்பணி என்பதை அன்றே உணர்ந்தோம். ஆயினும் மனிதன் பகலிரவாகக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. இதற்கென 1988-இல் வகுக்கப்பெற்றது எஸ்.என்.எம்.பி. என்னும் முறை. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஸ்விட்ச்சுப் பெட்டியிலும் சிறு முகவன் ஒருவன் உளன். மேலாளன் 161-ஆம் வாயிலில் வந்து, ‘எத்துணை நேரமாக விழித்திருக்கின்றாய்? எத்துணை எழுத்து உன் வழியே சென்றது?’ என வினவினால் அவன் விடையிறுப்பான். தானே துன்பமுற்றால், வினவாமலே 162-ஆம் வாயிலுக்குக் கூக்குரல் விடுப்பான். வினவுவார்க்குரிய மறைச்சொல்லைப் பல கருவிகளிற் ‘பப்ளிக்’ என்றே வைத்து விற்பர். அதனை மாற்றாது விடுதல், திறவுகோலைப் பூட்டிலேயே தொங்கவிடுதல் போலாம். இத்தகைய மேலாண்மை மென்பொருளிலே தமிழ்நாட்டார்க்குப் பெரும்பங்கு உண்டு. இன்று ஸோஹோ எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தொடங்கியபோது, அது செய்து விற்றது வலைப்பின்னல் மேலாண்மைக்குரிய மென்பொருளே. யாங்கள் பொருட்செலவு கருதி லிப்ரென்.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருளை அதே பழைய கணினியில் அமர்த்தினோம். ஐந்து நிமிடத்திற்கொருமுறை அது எல்லாக் கருவிகளையும் வினவி, விடைகளைக் கோடாக வரைந்து காட்டும்.

முதல் வாரத்திலேயே அது ஒரு மறைபொருளை வெளிப்படுத்திற்று. சமையற்கூடத்துக்கு அருகிலுள்ள ஸ்விட்ச்சுப் பெட்டியின் விழிப்பு நேரம் ஒருநாளும் 24 மணியை எட்டவில்லை. நாடோறும் பிற்பகல் இரண்டு மணியளவில் அஃது இறந்து, முக்கால் மணி கழித்து உயிர்த்தெழுந்தது. மின்வெட்டாயின் ஏனைய கருவிகளும் நின்றிருத்தல் வேண்டும், அவை நிற்கவில்லை. மின்னலோ, எலியோ, கம்பியின் பழுதோ என்று தமையனார் மூன்று நாள் ஆராய்ந்தார். நான்காம் நாள் அவ்வேளையில் யானே சென்று நின்றேன். சமையற்கார அம்மையார் வந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, இட்டிலிக்கு மாவரைக்கும் கிரைண்டரை அவ்விடத்திற் செருகினார். “ஏனம்மா?” என்றேன். “வேற பாயிண்ட் எங்கப்பா இருக்கு?” என்றார். உண்மையில் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் மேல்மாடித் தொலைபேசிகள் ஐந்தும் ஊமையாக இருந்தன. அவற்றினின்று 108-ஐ அழைத்தாலும் ஒலித்திராது.

அன்று மாலையே மின்பணியாளரைக் கொண்டு அம்மையாருக்கு வேறொரு பாயிண்ட் வைத்துக் கொடுத்தோம். அது முதல் அப்பெட்டியின் விழிப்பு நேரம் இடையறாது ஏறி வருகின்றது. அந்நேரத்தை நொடியில் நூற்றிலொரு பங்காக எண்ணி 32 பிட்டு எண்ணில் வைப்பராகலின், 497 நாள் கழிந்தால் அது தானே மீண்டும் பூச்சியத்தினின்று தொடங்கும். அன்று கிரைண்டரை எவரும் ஐயுறலாகாது என்று, கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்து வந்தேன்.