கடை கைமாறும்போது தரகுப் பணம் யார் பொறுப்பு?

கரவனெல்ல, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டை போன்ற சிறு நகரங்களில் நம்மவர்கள் பலர் குத்தகைக் கடைகளில்தான் வியாபாரம் செய்கிறார்கள். 5 வருடத்துக்கு எடுத்த கடையை 2 வருடத்திலேயே இன்னொருவருக்குக் கைமாற்ற வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். அப்போது ஆள் தேடித் தருபவர் தரகர். உறுதி எழுதும் நாளில்தான் கேள்வி கிளம்பும்: தரகுப் பணத்தை வெளியேறுபவர் கொடுப்பதா, புதிதாக வருபவரா, கட்டடச் சொந்தக்காரரா?

அடிப்படை விதி எளிமையானது. தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கொடுக்க வேண்டும். குத்தகையைக் கைமாற்றும்போது ஆள் தேடச் சொல்பவர் பெரும்பாலும் வெளியேறும் கடைக்காரர்தான். எனவே பொறுப்பும் அவருடையது. வருபவர் தனக்குக் கடை பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு தரகரை அமர்த்தியிருந்தால், அந்தத் தரகரின் கூலி அவரைச் சேரும். சம்மதம் மட்டும் கொடுக்கும் சொந்தக்காரர், தான் ஒப்புக்கொண்டிருந்தாலன்றி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாடுகளிலும் இதே நியாயம் சட்டமாகி வருகிறது. வாடகை வீடுகளுக்கு, அமர்த்தியவரே தரகு கொடுக்க வேண்டும் என்று ஜேர்மனி 2015இலும் நியூயோர்க் நகரம் 2025இலும் நடைமுறைப்படுத்தின.

தரகுக் கூலி மார்க்கத்தில் ஆகுமானதே. ஸஹீஹுல் புகாரியில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் உண்டு. இப்னு ஸீரீன், அதா, ஹஸன் போன்றோர் அதில் தவறு காணவில்லை என்பதை இமாம் புகாரி அங்கே பதிவு செய்கிறார். ஆனால் ஒருவரிடம் வாங்கியதை மற்றவருக்கு மறைத்து இரு பக்கமும் வாங்குவது நேர்மையல்ல.

பணம் வீணாகும் இடம் வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் அதன் கைமாற்றமும் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் செல்லாது. கைமாற்றச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று பல குத்தகை உறுதிகளிலும் நிபந்தனை இருக்கும். அந்த அனுமதி கிடைக்குமுன் தரகரும் முற்பணமும் வந்துவிட்டால், பிறகு சொந்தக்காரர் மறுக்கும்போது கடையும் இல்லை, கொடுத்த பணமும் கையில் இல்லை. “நான் ஆளைக் கொண்டுவந்தேன்தானே” என்று தரகர் நிற்பார்.

ஆகவே தரகரிடம் பேசும் முதல் நாளே ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: தொகை எவ்வளவு, கொடுப்பவர் யார், எப்போது கொடுப்பது, அலுவல் முடியாவிட்டால் என்ன செய்வது. சொந்தக்காரரின் அனுமதி கிடைத்து, நொத்தாரிசு முன் கையொப்பமிட்ட பிறகே பணம் என்று எழுதுவது நல்லது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா 282ஆம் வசனம் கற்றுத்தரும் ஒழுங்கு இதற்கும் பொருந்தும்.

அதையும் மீறிப் பிணக்கு வந்தால், வழக்குக்குப் போகுமுன் பிரதேச மத்தியஸ்த சபையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபையிலும், கையொப்பமிட்ட அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.